துணைப்பாடமாக வந்த தரவு

உடுமலைப்பேட்டையில் நூற்பாலை முந்தியது, கல்லூரி பிந்தியது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவை வட்டாரம் முழுக்க ஆலைகள் பெருகின. உடுமலையும் ஆலை ஊரானது. ஸ்ரீ ஜி.வி.ஜி. விசாலாட்சி மகளிர் கல்லூரி 1965இலும் அரசு கலைக் கல்லூரி 1971இலும் தொடங்கப்பட்டன. முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின்கீழ் இருந்த இந்த வட்டாரக் கல்லூரிகள், 1982இல் பாரதியார் பல்கலைக்கழகம் உருவானபின் அதன்கீழ் வந்தன.

அன்றைய பட்டப்படிப்பில் தமிழும் ஆங்கிலமும் போக, மூன்றாம் பகுதியில் ஒரு மேஜர், அதற்குத் துணையாக ஓர் ஆன்சிலரி. பின்னாளில் இதுவே ‘அலைடு’ ஆனது. கணிதம் எடுத்தவருக்கு இயற்பியலோ புள்ளியியலோ துணையாக அமையும். மாணவர் விரும்பித் தேர்ந்ததைவிடக் கல்லூரி வைத்திருந்ததைப் படித்ததே அதிகம். ஆனாலும் தரவைக் கையாளும் கல்வி இங்கே நுழைந்த முதல் வாசல் அந்தப் புள்ளியியல் அலைடுதான்.

கல்லூரிக்கு வெளியே அதே புள்ளியியல் ஆலைகளில் நாள்தோறும் புழங்கியது. ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜச் சிட்டம் நாற்பது வந்தால் அது நாற்பதாம் நம்பர் நூல். சோதனை அறையில் ராட்டையில் 120 கெஜம் சுற்றி, கழற்றி, நிறுத்து, நோட்டில் எழுதுவார்கள். இப்படிப் பல மாதிரிகள். சராசரி சரியாக நாற்பது வந்தாலும், ஒரு மாதிரிக்கும் இன்னொன்றுக்கும் எடை ஏறி இறங்கினால் துணியில் பட்டை விழும். ஆகவே திட்டவிலக்கத்தையும் கணக்கிட வேண்டும். கோவையில் 1956இல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான ‘சிட்ரா’ ஆலைகளின் தரம், உற்பத்தித் திறன் பற்றிய எண்களைத் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காட்டியது. இந்தப் பகுதியின் தரவுப் பகுப்பாய்வுக்கு முன்னோடி என்று எதையாவது சொல்வதானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

தரவைத் திரட்டி நிர்வாகத்துக்குப் பயன்படுத்தும் ‘தகவல் அமைப்பு’ தனித் துறையாக உருவானது அமெரிக்காவில். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கார்டன் டேவிஸ் 1960களின் இறுதியில் அதற்கு அடித்தளம் இட்டார். 1970இல் எட்கர் காட், தரவை அட்டவணைகளாக அடுக்கும் முறையை வகுத்தார். இங்கே தகவல் அமைப்பு வணிகவியல் வழியாக வந்தது. 1986இல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனத்தின் கணக்கு மென்பொருளான ‘டேலி’ பேரேட்டின் இடத்தைப் பிடிக்க, கல்லூரிகளில் பி.காம். சி.ஏ. (கணினிப் பயன்பாடு) பரவியது. வணிகம் முதன்மை, கணினி துணை: பெயர்தான் ‘மைனர்’ (துணைப்பாடம்) இல்லையே தவிர, கொங்குப் பகுதியின் உண்மையான தகவல் அமைப்பு மைனர் இதுவே.

வகுப்பறைக்கு வெளியே, திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி 1970களின் இறுதியில் வேகம் பிடித்தது. 2005 ஜனவரி 1இல் உலக ஜவுளி வர்த்தகத்தின் கோட்டா முறை முடிந்ததும் போட்டி கடுமையானது. விலையும் சரக்கு அனுப்பும் நாளும் துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும். கட்டிங் மேசையில் இந்தத் துல்லியத்தைக் கண்ணால் பார்க்கலாம். அடுக்கி வெட்டிய துணியின் ஒவ்வொரு துண்டிலும் சிறு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாம் ஒரே நம்பர் சேர்ந்தால்தான் ஒரு பனியன்; மாறினால் வேறு ரோலின் துணி கலந்து ஷேடு தட்டும். பண்டில் சீட்டில் லாட், நிறம், சைஸ், எண்ணிக்கை இருக்கும். பீஸ் ரேட் கூலியும் அந்தச் சீட்டிலிருந்தே கணக்காகும். காட் சொன்ன அட்டவணையில் ஒவ்வொரு வரிசைக்கும் தனித்து நிற்கும் முதன்மைச் சாவிக்கு இந்த ஸ்டிக்கர் நம்பரைவிடத் தெளிவான உதாரணம் வகுப்பறையில் கிடைக்காது.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் சிறு ஜாப் ஒர்க் யூனிட்டின் பில்லும் கணினிக்குள் போனது. அதே காலத்தில் ‘மைனர்’ என்ற பெயரும் முறையாக வந்தது. பொறியியலில் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. 2018இல் வழி திறந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறை கூடுதலாக 18 கிரெடிட் முடித்தவருக்கு மைனர் அளித்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட சட்டகத்தில், மூன்றாண்டுப் பட்டத்தின் 120 கிரெடிட்டில் 24 மைனருக்கு உரியவை. தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் பிற துறை மாணவர்களுக்கும் திறன் படிப்புகளைக் கொண்டுவந்தது.

தரவு சார்ந்த இத்தகைய மைனரில் தரவுத்தளமும் எஸ்.க்யூ.எல்.லும், விரிதாள், புள்ளியியல், வரைபடமாகக் காட்டும் முறை, ஒரு செயல்திட்டம் ஆகியவை பொதுவாக இடம்பெறும். ஆன்சிலரி நாளின் திட்டவிலக்கம் இன்றும் அதில் இருக்கிறது. ராட்டையில் சுற்றிய நூலுக்குப் போட்ட அதே கணக்கை மாணவர் இப்போது தையல் லைனின் மணிவாரி உற்பத்திக்குப் போடலாம்.