காப்பார் களிமண்ணும் கடலடித் தரையும்: மலாக்கா நீரிணையின் கடல்மட்ட வரலாறு

சிலாங்கூரின் காப்பார், மேரு வட்டாரத்தில் பெரிய கட்டடம் எழுப்புவோர் முதலில் பைலிங் அடிக்கிறார்கள். கிள்ளான் சமவெளியின் மென்மையான சாம்பல்நிறக் கடற்களிமண் சில இடங்களில் 20 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. 1980களில் தீபகற்பத்தின் கரையோரப் படிவுகளை வகுத்த டி. சுந்தரலிங்கம், சிப்பி கலந்த இந்த இளம் படிவுக்குப் பேராக்கிலுள்ள குலாவின் பெயரை வைத்தார். அதற்கும் கீழே இறுகிய மணலும் சரளையும் கிடக்கின்றன. அவை சிம்பாங் படிவு. ஆறுகள் கொண்டுவந்து கொட்டியவை. ஆற்று மண்ணின்மேல் கடல் மண் ஏறியது எப்படி என்பதற்கு நீரிணையின் தரையிலேயே சான்று இருக்கிறது.

தென்கிழக்காசியத் தீவுகளுக்கிடையே ஆழமற்றுக் கிடக்கும் சுந்தா மேடையின் கடலடியில் ஆற்றுப் பள்ளங்கள் தொடர்வதை டச்சு நிலவியலாளர் மோலன்கிராஃப் 1921இல் எடுத்துரைத்தார். நீரிணையின் வடமேற்கு வாயிலில் ஒரு பழைய கழிமுகம் மூழ்கிக் கிடப்பதை 1982இல் எம்மெலும் கர்ரேயும் வெளியிட்டனர். பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்து நீரிணை உலர்ந்திருந்தபோது, பேராக், பெர்ணம் ஆறுகளும் சுமத்ராவின் ரோக்கானும் இந்தத் தாழ்நிலத்தில் கலந்து, ஒரே பேராறாக அந்தமான் கடலை நோக்கி ஓடியிருக்க வேண்டும்.

இந்த ஆய்வு வரலாற்றில் நான் முதலிடம் தருவது, கெய், குட்ராஸ், ஸ்ட்ரைஃப் ஆகிய மூவரும் 1979இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரைக்கு. அவர்கள் நம்பியது, இருந்த இடத்திலேயே புதைந்த அலையாத்தி வேர்களையும் கரிச் சதுப்பு மண்ணையும். கிள்ளான் துறைமுகத்தில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் இடையே நீர்மட்டம் நான்கு மீட்டரளவு மாறும். இத்தகைய கரையில், அலை தூக்கி எறிந்த ஒரு சிப்பியை வைத்துப் பழைய கடல்மட்டத்தைக் கணித்தால் பல மீட்டர் பிசகலாம். அலையாத்தியோ ஓதம் ஏறி இறங்கும் குறுகிய பட்டையில் மட்டுமே வேரூன்றும். அதன் வேரே அளவுகோல். கதிரியக்கக் கரிமக் கணிப்பின்படி, 8,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிட ஏறத்தாழ 13 மீட்டர் தாழ்ந்திருந்தது. 5,000 முதல் 4,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தைக் கடந்து சில மீட்டர் உயர்ந்து, பின்னர் இறங்கியது.

பனியுகத்துக்குப் பிந்தைய கடல்மட்ட ஏற்றம் சீராக நடக்கவில்லை. ‘சோன்னே’ ஆய்வுக் கப்பல் சுந்தா மேடையில் துளைத்தெடுத்த மண் உருளைகளை ஆராய்ந்த ஹானெபுத் குழு, 14,600 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 300 ஆண்டுகளில் கடல் 16 மீட்டர் உயர்ந்ததை 2000இல் வெளியிட்டது.

பனி உருகி முடிந்தபின் இங்கே கடல் ஏன் இறங்கியது? பழைய பனிப்பாளங்களைச் சுற்றிப் புடைத்திருந்த கடலடி தாழ, வெப்பமண்டல நீர் அங்கே ஈர்க்கப்பட்டது. புதிதாகச் சேர்ந்த நீரின் எடையால் பெருங்கடல் தரை அமிழ, கரையோர நிலம் சற்றே உயர்ந்தது. கடல் விட்டுப்போன சேற்றில் அலையாத்தி பரவியது. ஆற்று வண்டல் கரையை மேற்கே தள்ளியது.

அந்தச் சேற்றின் தடயம் சிலாங்கூர்க் கரையோரத் தோட்டங்களிலும் உண்டு. அலையாத்திச் சேற்றில் இரும்புக் கந்தகம் சேர்ந்திருக்கும். வாய்க்கால் வெட்டி நீரை வடித்ததும் காற்றுப் பட்டு அது அமிலமாகும். மண்ணில் வைக்கோல் நிறப் புள்ளிகள் தோன்றும். செம்பனையின் விளைச்சல் குறையும். கேரித் தீவில் இத்தகைய மண்ணைக் காணலாம்.

கிள்ளான் பகுதியில் பைலிங்குக்கு முன் துளையிட்டு எடுக்கும் மண்ணைக் கட்டுமானப் பொறியாளர்கள் வலிமைக்காகச் சோதிக்கிறார்கள். அதில் அகப்படும் வேர்த்துண்டுகளின் ஆழத்தைக் குறித்து, வயதையும் கணித்தால், காப்பார் கரைக்கென்றே ஒரு கடல்மட்ட வரைகோட்டை வரையலாம்.