‘பிராண்டு ஆள்’: 1931ஆம் ஆண்டு மெமோவில் பொறுப்பும் அதிகாரமும்

ப்ராடக்ட் மேனேஜர் என்ற பதவியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒரே தேதியில் போய் நிற்கிறார்கள்: 1931 மே 13. அன்று சின்சினாட்டியில், புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் காமே சோப்பைக் கவனித்துவந்த நீல் மெக்கெல்ராய், ஆர். எஃப். ரோகனுக்கு மூன்று பக்க மெமோ ஒன்றை எழுதினார். (நம் அலுவலகங்களில் மெமோ என்றாலே விளக்கம் கேட்டுக் கீழே வரும் தாள். இது ஆள் கேட்டு மேலே போன தாள்.) அதன் பின்னணி போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டது. இங்கே என் வழக்கு, அந்த மெமோவிலிருந்து ப்ராடக்ட் மேனேஜ்மென்ட் பற்றி எழுதுபவரான மார்ட்டின் எரிக்சன் 2015இல் வரைந்த வம்சாவளியோடு. மென்பொருள் துறையில் இன்று பலரும் வழிமொழிவது அதைத்தான்.

அவர் சொல்லும் வரிசை இது. மெக்கெல்ராய் ஒரு பிராண்டின் முழுப் பொறுப்பையும் ‘பிராண்டு ஆள்’ என்ற ஒருவரிடம் ஒப்படைத்தார். பிறகு ஸ்டான்ஃபோர்டில் ஆலோசகராக இருந்து ஹியூலட், பேக்கர்டு என்ற இரு இளம் தொழில்முனைவோர்மீது செல்வாக்குச் செலுத்தினார். அவர்கள் அதை, வாடிக்கையாளருக்கு மிக அருகில் இருப்பவரே முடிவெடுக்க வேண்டும் என்று பொருள்கொண்டார்கள். அங்கிருந்து அது சிலிக்கான் பள்ளத்தாக்குக்குப் பரவியது.

ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் இந்த இழை நைந்துபோகிறது. ஹியூலட்டும் பேக்கர்டும் ஸ்டான்ஃபோர்டில் பட்டம் பெற்றது 1934இல். நிறுவனம் தொடங்கியது 1939இல். அவர்களைக் கைப்பிடித்து நடத்தியவர் பேராசிரியர் ஃப்ரெட் டெர்மன். மெக்கெல்ராயோ 1925இல் சின்சினாட்டியில் வேலைக்குச் சேர்ந்து, 1948இல் அதே நிறுவனத்தின் தலைவராகி, 1957 அக்டோபரில் பாதுகாப்புத் துறைச் செயலராக வாஷிங்டன் போனவர். 1959 டிசம்பர்வரை அங்கே இருந்தார். ஹியூலட்-பேக்கர்டு தன்னைப் பொருள்வாரிப் பிரிவுகளாகப் பிரிக்க முனைந்தது 1957 தொடக்கத்தில் சோனோமாவில் நடந்த கூட்டத்தில். மெக்கெல்ராயின் ஸ்டான்ஃபோர்டு ஆலோசனை வாஷிங்டனுக்குப் பிறகு நடந்தது என்றால் பிரிவுகள் அதற்கு முந்தியவை. பேக்கர்டுக்கும் அப்போது 47 வயது. ‘இளம்’ என்ற அடைமொழி பொருந்தாது. முன்பே நடந்தது என்றால், சோப்பு நிறுவனத்தின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தவர் கலிஃபோர்னியாவில் மின்னணுக் கருவி செய்வோருக்கு எப்போது ஆலோசனை சொன்னார் என்பதற்கு ஆண்டு தரவேண்டும். எரிக்சன் தரவில்லை. பொருள்வாரிப் பிரிவு என்ற அமைப்புக்கு ட்யூபான்ட் 1921லேயே முன்மாதிரி காட்டியிருந்தது. அதை விளக்கக் காமே சோப்பு தேவையில்லை.

குழப்பம் எங்கே பிறந்திருக்கலாம்? மெக்கெல்ராய் தலைமை வகித்த அதே பாதுகாப்புத் துறைக்கு 1969இல் துணைச் செயலராக வந்தவர் பேக்கர்டு. இரு பெயர்களும் ஒரே பட்டியலில் இருப்பதைப் பார்த்த யாரோ முடிச்சுப் போட்டிருக்கலாம். இது என் ஊகம் மட்டுமே.

வம்சாவளியைவிட முக்கியமானது மெமோவின் வாசகம். ‘முழுப் பொறுப்பு’ என்ற சொல் அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. மெமோ பட்டியலிடும் பிராண்டு ஆளின் கடமைகளில் இரண்டு இடங்களில் அது வருகிறது: அச்சு விளம்பரத் திட்டம், பிற விளம்பரச் செலவுகள். உறை மாற்றத்தில் அவர் சோதித்துப் பார்க்கலாம், பரிந்துரைக்கலாம், அவ்வளவே. விற்பனை மந்தமான பகுதியைப் பற்றிய மூன்றாம் கடமைதான் மெமோவிலேயே நீளமானது. பழைய விளம்பர வரலாற்றைப் படி, கடைக்காரரையும் வாங்குபவரையும் நேரில் போய்ப் பார், பலவீனத்தைக் கண்டுபிடி, திட்டம் தீட்டு, பெட்டிக்கு என்ன செலவாகும் என்று கணக்கிடு. இத்தனைக்கும் பிறகு, அந்தப் பகுதி எவர் ஆளுகையில் இருக்கிறதோ அந்தக் கோட்ட மேலாளரிடம் திட்டத்தை விவரித்து, அவருடைய அதிகாரத்தையும் ஆதரவையும் பெற வேண்டும்.

எரிக்சன் கடந்துபோகும் இடம் இதுதான். கண்டுபிடிப்பது, கணக்குப் போடுவது, விற்பனையாளருடன் அலைவது, கடைசிவரை தொடர்வது எல்லாம் பிராண்டு ஆள். சரி என்று சொல்வது மட்டும் வேறொருவர். ‘துணைவேந்தர் (பொறுப்பு)’ என்று செய்தித்தாளில் படிக்கும் நமக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. வேலை அவருடையது, நாற்காலி அவருடையதல்ல. ப்ராடக்ட் மேனேஜரைத் தன் பொருளுக்குத் தலைமை நிர்வாகி என்று பிற்காலத்தில் அழைத்தது 1931இல் இல்லாத அதிகாரத்தை அங்கே ஏற்றிப் பார்ப்பது. விளம்பரச் செலவின் முழுப் பொறுப்பு கையில் இருந்தால் அதுவே அதிகாரந்தானே என்று கேட்கலாம். அந்த ஒரு துறையில் ஆம். ஆனால் கோட்ட மேலாளர் தோளிலிருந்து தனித்தனி பிராண்டுகளின் பொறுப்பைப் பெருமளவு இறக்கிவைக்கலாம் என்றுதான் மெமோ சொல்கிறது. அவர் கையிலிருந்து எதையும் பிடுங்கச் சொல்லவில்லை. கூடுதல் ஆள் கேட்பவர் வேறெப்படி எழுதுவார்?

இன்னொன்று, பதவியின் வயது. பிராண்டு மேலாளர் முறை 1950க்குப் பிறகே பரவலானது என்று சந்தைப்படுத்தல் ஆய்வாளர்களான ஜார்ஜ் லோவும் ரொனால்டு ஃபுல்லர்டனும் 1994இல் காட்டியதை ஏற்கிறேன். தொடக்கத்தை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மெமோவின் முதல் வரி பிராண்டு ஆட்களின் கடமைகளைச் சுருக்கித் தருவதாகச் சொல்கிறது. அந்தப் பெயரை அறிமுகப்படுத்தவே இல்லை, ரோகனுக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லாகவே எழுதுகிறது. அதை வைத்து, நடைமுறை முன்பே இருந்தது, மெமோ அதை ஏட்டில் ஏற்றியது என்று கொள்ளலாம். இறுதிப் பகுதியோ, அந்த ஆட்கள் இத்தகைய பொறுப்பை ஏற்கத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொண்ட பிறகு என்று எதிர்காலத்தில் பேசுகிறது. அப்படியானால் பெயர் இருந்தது, வேலை இன்னும் வரவில்லை. இரண்டு வாசிப்புக்கும் மெமோ இடம் தருவதால், 1931ஐத் தோற்ற ஆண்டாக எழுதாமல், கல்வெட்டுக்குக் காலம் குறிப்பதுபோல ‘இதற்குப் பிற்படாதது’ என்று பெயருக்கு மட்டும் குறித்துவைக்கிறேன்.