ஒலிவ் எண்ணெய் விழுங்கியவர்கள்

"கொலஸ்ட்ரோல் கூடிட்டு, டொக்டர் குளிசை தந்திருக்கார்" என்பது இன்று நம் வீடுகளில் சாதாரணப் பேச்சு. அக்குளிசை நம் கைக்கு வருமுன் அதைத் தம் உடம்பில் சோதிக்கக் கொடுத்தவர்களைப் பற்றி நாம் பேசுவதில்லை. பேசினாலும், "ஆக்கள எலி மாதிரி வெச்சுப் பாக்குறாங்க" என்பதோடு கதை முடிந்துவிடும். எலிகளின் கதை அல்ல இது.

1960களின் நடுப்பகுதி. மருத்துவ ஆய்வில் மனிதரின் சம்மதத்தை வலியுறுத்திய ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இல்தான் வந்திருந்தது. எடின்பரோ, பிராக், புடாபெஸ்ட் ஆகிய நகரங்களில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் கூட்டாய்வு ஒன்று தொடங்கியது. பனிப்போர்க் காலத்தில் இரு முகாம்களையும் சேர்ந்த நகரங்கள் ஒரே கணக்கில் சேர்ந்தன என்பதே ஒரு செய்திதான். பங்கேற்றோர் 15,745 ஆண்கள். 30 முதல் 59 வயது வரையானோர். எல்லோரும் சுகதேகிகள். நோயாளி மருந்து விழுங்குவது தன் நோய்க்காக. நோயில்லாதவர் ஐந்து வருடங்கள் விழுங்குவது யாருக்காக?

கொலஸ்ட்ரோல் கூடியவர்களில் 5,331 பேருக்குக் குளோபைப்ரேட் என்ற மருந்து. அதேயளவு கொலஸ்ட்ரோல் உள்ள 5,296 பேருக்கு வெறும் ஒலிவ் எண்ணெய் அடைத்த கெப்சூல். கொலஸ்ட்ரோல் குறைந்த இன்னொரு தொகுதிக்கும் எண்ணெய்தான். தனக்குக் கிடைத்தது எது என்று எவருக்கும் தெரியாது.

1978இல் முடிவு வந்தது. மருந்தெடுத்தவர்களின் கொலஸ்ட்ரோல் ஏறத்தாழ 9 வீதம் இறங்கியிருந்தது. உயிரைப் பறிக்காத மாரடைப்புகள் 25 வீதம் குறைந்திருந்தன. அத்தோடு ஏட்டை மூடியிருந்தால் மருந்துக்கு வெற்றி. ஆனால் ஆய்வாளர்கள் எல்லா மரணங்களையும் எண்ணினார்கள். எண்ணெய் விழுங்கியவர்களை விட மருந்து விழுங்கியவர்களில்தான் கூடுதலானோர் இறந்திருந்தனர். அதுவும் இதயத்தோடு தொடர்பில்லாத நோய்களால். பித்தப்பைக் கற்களுக்கான சத்திரசிகிச்சைகளும் அவர்களிடையே அதிகம். 1980இல் வெளியான தொடர்கணக்கும் இதையே காட்டியது.

எண்ணெய் பெற்றவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள் என்று சிலர் நினைக்கலாம். அவர்கள் இல்லாவிட்டால் அந்தத் தீங்கு எவர் கண்ணிலும் பட்டிருக்காது. மருந்து பெறாத ஒரு கூட்டத்தை வைத்து ஒப்பிடுவது புதிய யோசனையுமல்ல. ஒரு சாராருக்கு இரத்தம் எடுத்து, இன்னொரு சாராரை வேண்டுமென்றே எடுக்காமல் விட்டு ஒப்பிட்டதை அபூபக்கர் அர்ராஸி 'அல்ஹாவி'யில் பதிந்திருக்கிறார். எண்ணிக்கை, குருட்டுச்சீட்டுப் போன்ற தெரிவு, ஒப்பம் என்பனவே பிற்காலச் சேர்க்கை.

அந்த மரணங்கள் விதைத்த ஐயம் நீண்ட காலம் நிலைத்தது: கொலஸ்ட்ரோலைக் குறைத்தால் உயிர் காக்கப்படுமா, அல்லது ஒரு நோயை விரட்டி இன்னொன்றை அழைக்கிறோமா? ஆகவேதான் ஸ்கண்டிநேவிய நாடுகளில் சிம்வாஸ்டற்றினைச் சோதித்தவர்கள் மாரடைப்பை அல்ல, எந்தக் காரணத்தாலும் நேரும் மரணத்தையே முதற்கேள்வியாக வைத்தார்கள். இம்முறை சேர்ந்த 4,444 பேரும் ஏற்கனவே இதய நோயாளிகள். 1994இல் வெளியான கணக்குப்படி, போலிக் குளிசை எடுத்த 2,223 பேரில் 256 பேர் இறந்திருந்தனர். மருந்தெடுத்த 2,221 பேரில் 182 பேர். இதயமல்லாத காரணங்களால் நேர்ந்த மரணங்கள் மருந்தெடுத்தவர்களில் கூடவில்லை. பதினாறு வருடச் சந்தேகத்துக்கு அதுவே பதில்.

முழுப் பதிலும் அல்ல. முன்னைய ஆய்வில் பெண்களே இல்லை. இதில் 827 பெண்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களிடையே மரணங்கள் மிகச் சிலவாக இருந்ததால், மருந்து பெண்களின் உயிரைக் காக்குமா என்று அந்த ஆய்வால் தனித்துச் சொல்ல முடியவில்லை.