பெரிய போட்டிக்காகச் சிறிய போட்டியைத் தவிர்க்கலாமா? விளையாட்டாளர்களும் பெற்றோரும் அறிய வேண்டியவை

புஞ்சாக் ஆலாம்: அடுத்த மாதம் ஒரு முக்கியமான தேர்வு. அதற்கு முன் பள்ளிக்காகவோ மாநிலத்துக்காகவோ ஓர் ஆட்டம். இறங்கி ஆடினால் காயம் படலாம். ஆடாமல் ஒதுங்கினால் "குழுவைக் கைவிட்டவன்" என்ற பெயர் வரும். இந்த இக்கட்டு உலகப் புகழ்பெற்ற விளையாட்டாளர்களுக்கும் உண்டு. தோட்டத் திடலில் பந்து உதைக்கும் பிள்ளைகளுக்கும் உண்டு.

இப்படி ஒதுங்குவது சுயநலமா, நியாயமா என்ற வாதம் மலேசியாவில் 2022-ஆம் ஆண்டு பெரிதாக எழுந்தது. அதே வாதம் அமெரிக்காவில் 2016-இலும் இந்தியாவில் 2024-இலும் நடந்தது. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், நம் பிள்ளைகளுக்குப் பயன்படும் சில பாடங்கள் கிடைக்கின்றன.

லீ சீ ஜியா எடுத்த முடிவு

கெடா, அலோர் ஸ்டாரைச் சேர்ந்த பூப்பந்து வீரர் லீ சீ ஜியா, 2021-இல் டென்மார்க்கின் விக்டர் அக்செல்சனை வீழ்த்தி அகில இங்கிலாந்துப் பட்டத்தை வென்றவர். 2022 ஜனவரியில் அவர் மலேசியப் பூப்பந்து சங்கத்திலிருந்து விலகித் தனியாக ஆட முடிவு செய்தார். சங்கம் அவரை இரண்டு ஆண்டுகளுக்கு அனைத்துலகப் போட்டிகளில் பதிவு செய்யப் போவதில்லை என்று அறிவித்தது. பொதுமக்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களிலேயே அந்தத் தடை நீக்கப்பட்டது.

தனி ஆட்டக்காரராக அவர் அந்த ஆண்டை நன்றாகவே தொடங்கினார். மே மாதம் ஆசியப் பட்டத்தையும் தாய்லாந்துப் பொது விருதையும் வென்றார். தாமஸ் கிண்ணத்தில் நாட்டுக்காகவும் ஆடினார். ஆனால் ஜூலையில், பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியிலிருந்து விலகுவதாக அறிவித்தார். ஆகஸ்டு பிற்பாதியில் தோக்கியோவில் நடக்கவிருந்த உலகப் பூப்பந்துப் போட்டியில் கவனம் செலுத்த விரும்பியதே காரணம். இரண்டுக்கும் இடையே இரண்டு வாரமே இடைவெளி இருந்தது.

"நாட்டை விட உலகப் பட்டம் பெரிதா?" என்று சிலர் கேட்டனர். "உடம்பு அவருடையது, முடிவும் அவருடையது" என்றனர் வேறு சிலர்.

பின்னர் நடந்தது இரு தரப்பினரும் எதிர்பாராதது. சீ ஜியா இல்லாத மலேசியக் குழு, ஆகஸ்டு 2-ஆம் தேதி கலப்புக் குழு இறுதியாட்டத்தில் இந்தியாவை 3-1 என வீழ்த்தித் தங்கம் வென்றது. ஆண்கள் ஒற்றையர் பொறுப்பு இளம் வீரர் இங் ட்சே யோங்கின் தோளில் விழுந்தது. அவர் முன்னாள் முதல்நிலை வீரர் கிடாம்பி ஸ்ரீகாந்தைத் தோற்கடித்தார். வெற்றியை உறுதி செய்த கடைசி ஆட்டத்தை ஆடியவர்கள் பெர்லி தானும் நம் எம்.தீனாவும். தனிநபர் பிரிவிலும் இந்த இணை பெண்கள் இரட்டையர் தங்கத்தைக் கைப்பற்றியது. இங் ட்சே யோங் ஒற்றையர் இறுதியாட்டம் வரை சென்று, இந்தியாவின் லக்‌ஷயா சென்னிடம் தோற்று வெள்ளி பெற்றார்.

தோக்கியோவில் சீ ஜியாவின் கணக்கு பலிக்கவில்லை. காலிறுதிக்கு முன்பே அவர் வெளியேறினார். அதே தோக்கியோவில், பர்மிங்ஹாமிலும் ஆடிவிட்டு வந்த ஏரோன் சியா - சோ வூய் யிக் இணை ஆண்கள் இரட்டையர் பட்டத்தை வென்றது. பூப்பந்தில் மலேசியாவுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது.

இதை வைத்து "ஒதுங்கியது தவறு" என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீ ஜியா, அதே லக்‌ஷயா சென்னை வென்று நாட்டுக்கு வெண்கலம் கொண்டு வந்தார். 2025-ஆம் ஆண்டின் பெரும்பகுதியைக் கணுக்கால் காயம் விழுங்கியது, தரவரிசையிலும் பின்தங்கினார். சங்கத்தின் அரவணைப்பு இல்லாத தனி ஆட்டக்காரருக்கு, ஆடாத மாதங்கள் வருமானம் குறைந்த மாதங்கள். அந்தக் கணக்கை மனத்தில் வைத்தே அவர் 2022-இல் எடுத்த முடிவைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் தொடங்கிய வழக்கம்

காயத்துக்கு அஞ்சி ஆட்டத்தைத் தவிர்ப்பது அமெரிக்காவில் இன்று ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அங்கே 'காற்பந்து' என்பது நாம் ஆடுவது அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி, ஒருவரையொருவர் மோதித் தள்ளி ஆடும் ஆட்டம். கல்லூரிக் குழுக்களில் ஆடும் மாணவர்களைத் தொழில்முறைக் குழுக்கள் ஆண்டுதோறும் ஏப்ரலில் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். இதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். முதலில் அழைக்கப்படுபவருக்குப் பெரிய ஒப்பந்தம். பின்னால் போகப் போகத் தொகை சரியும்.

அந்தத் தேர்வுக்குச் சில மாதங்களுக்கு முன், டிசம்பர் இறுதியிலும் ஜனவரித் தொடக்கத்திலும் 'பவுல்' எனப்படும் சிறப்பு ஆட்டங்கள் நடக்கும. பல்லாயிரம் பேர் திரளும் விழா அது. ஆனால் தேசிய வெற்றியாளரைத் தீர்மானிக்கும் சில ஆட்டங்களைத் தவிர, மற்றவை கௌரவத்துக்கானவை மட்டுமே.

2016 ஜனவரி முதல் நாள், நோட்ர டேம் பல்கலைக்கழக வீரர் ஜெய்லன் ஸ்மித் அப்படியோர் ஆட்டத்தில் இறங்கினார். டிராஃப்டில் முதல் ஐந்து இடங்களுக்குள் வருவார் என்று பேசப்பட்டவர். முழங்கால் தசைநார்கள் கிழிந்தன, நரம்பும் பாதிக்கப்பட்டது. 34-ஆவது ஆளாகத்தான் அவர் அழைக்கப்பட்டார். ஐந்தாவது இடத்தில் அழைக்கப்பட்டவருக்கு அந்த ஆண்டு 2 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் ஒப்பந்தம் கிடைத்தது. ஸ்மித்துக்குக் கிடைத்தது அதில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை. முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த காப்புறுதி ஏறக்குறைய 9 லட்சம் டாலர் தந்தது. இழப்போடு ஒப்பிட்டால் அது சிறு தொகைதான்.

அந்த ஆண்டு டிசம்பரிலேயே லெனர்ட் ஃபோர்னெட், கிறிஸ்டியன் மெக்காஃப்ரி என்ற இரு முன்னணி வீரர்கள் தங்கள் பவுல் ஆட்டங்களில் ஆடப் போவதில்லை என்று அறிவித்தனர். 'குழுவைக் கைவிட்டார்கள்' என்று பலர் கடிந்தனர். ஆனால் தொழில்முறைக் குழுக்கள் அதைக் குறையாகக் கருதவில்லை. 2017 டிராஃப்டில் ஃபோர்னெட் நான்காவதாகவும் மெக்காஃப்ரி எட்டாவதாகவும் அழைக்கப்பட்டனர். அதே பருவத்தில் பவுல் ஆட்டத்தில் இறங்கிய மிச்சிகன் வீரர் ஜேக் பட்டுக்கு முழங்கால் கிழிந்தது. அவர் ஐந்தாவது சுற்றுக்குத் தள்ளப்பட்டார். அதன் பிறகு ஒதுங்குவோர் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு பெருகியது.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2023-இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகக் குழு ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் இருந்தும் தேசியப் பட்டத்துக்கான ஆட்டங்களுக்குத் தேர்வாகவில்லை. மனம் வெறுத்தும் எதிர்காலத்தை எண்ணியும் இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் பவுல் ஆட்டத்தைத் தவிர்த்தனர். மிஞ்சியவர்கள் ஜார்ஜியாவிடம் 63-3 என்ற கணக்கில் நசுங்கினர். தவிர்த்தவர்களுக்கு இழப்பில்லை, நின்றவர்கள் அடி வாங்கினார்கள்.

வாரியம் தண்டித்தால் என்ன ஆகும்?

இந்தியக் கிரிக்கெட் வாரியம் இதே சிக்கலைத் தண்டனையால் தீர்க்கப் பார்த்தது. 2024 தொடக்கத்தில் இஷான் கிஷன் தம் மாநிலமான ஜார்க்கண்டுக்காக ரஞ்சி கிண்ணத்தில் ஆடவில்லை. ஷ்ரேயஸ் ஐயர் முதுகுவலி என்று சொல்லி மும்பையின் காலிறுதியில் இறங்கவில்லை. ஐபிஎல் நெருங்குவதால் உடம்பைப் பாதுகாக்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. பிப்ரவரி 28-ஆம் தேதி வெளியான வாரிய ஒப்பந்தப் பட்டியலில் இருவர் பெயரும் இல்லை. உள்நாட்டுப் போட்டிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் வாரியம் அறிவுறுத்தியது. ஷ்ரேயஸ் அடுத்து நடந்த தமிழ்நாட்டுக்கு எதிரான அரையிறுதியில் ஆடினார்; மும்பை அதில் இன்னிங்ஸ் வெற்றி பெற்றது.

ஆனால் சந்தை வேறு மாதிரி மதிப்பிட்டது. அந்த ஆண்டு ஐபிஎல் கிண்ணத்தைக் கொல்கத்தாவுக்கு வென்று தந்த தலைவர் ஷ்ரேயஸ்தான். நவம்பர் ஏலத்தில் பஞ்சாப் அவரை 26.75 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2025 ஏப்ரலில் இருவரும் வாரியப் பட்டியலுக்குத் திரும்பினர். தண்டனை விளையாட்டாளரைச் சில மாதம் பயமுறுத்தும். கணக்கு மாறாத வரை அவர் மனம் மாறாது.

காயத்தின் செலவு யாருடையது?

கணக்கை மாற்றுவது எப்படி என்பதற்கு நம் காற்பந்தே சான்று. தேசியக் குழுவுக்காக ஆடும்போது ஒருவருக்குக் காயம் பட்டு அது 28 நாளுக்கு மேல் நீடித்தால், அவருடைய சம்பளத்தை ஃபிஃபா ஒரு வரம்பு வரை கிளப்புக்கு ஈடு செய்கிறது. 2012 முதல் இந்தத் திட்டம் நடப்பில் உள்ளது. ஃபிஃபா நாட்காட்டியில் உள்ள ஆட்டங்களுக்கு ஆட்டக்காரரை விடுவிப்பதும் கிளப்பின் கடமை.

சீ போட்டி அந்த நாட்காட்டியில் இல்லை. அதனால் இளம் ஆட்டக்காரர்களை விடுவிக்க வேண்டிய கட்டாயம் கிளப்புகளுக்குக் கிடையாது. சீ போட்டி வரும்போதெல்லாம் கிளப்புக்கும் தேசியக் குழுவுக்கும் இழுபறி வருவதன் காரணம் இதுதான். செலவை ஏற்க ஆள் இருக்கும் இடத்தில் சண்டை குறைவு. இல்லாத இடத்தில் நாட்டுப்பற்று, விசுவாசம் என்ற சொற்கள் வந்து விழுகின்றன. விசுவாசம் வேண்டும் என்று கேட்பவர்கள், காயம் பட்டால் மருத்துவமனைக் கட்டணத்தை யார் கட்டுவது என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

காலியான இடம் யாருக்கு?

ஒருவர் ஒதுங்கும்போது அந்த இடம் வெற்றிடமாக நிற்பதில்லை. இங் ட்சே யோங்குக்கு அது வெள்ளிப் பதக்கமானது. அமெரிக்காவில் மெக்காஃப்ரியின் இடத்தில் ஆடிய பிரைஸ் லவ், மறு ஆண்டு கல்லூரிக் காற்பந்தின் மிகப் பெரிய விருதான ஹெய்ஸ்மனில் இரண்டாம் இடம் பெற்றார்.

லவ்வின் கதை அங்கே முடியவில்லை. உச்சத்தில் இருந்தபோதே டிராஃப்டுக்குப் போகாமல் கல்லூரியில் இன்னும் ஓர் ஆண்டு இருந்தார். 2018 டிசம்பரில் வழக்கமான ஓர் ஆட்டத்தில் முழங்கால் கிழிந்தது. நான்காவது சுற்றில்தான் அழைக்கப்பட்டார். ஒரே மனிதருக்கு ஆட்டம் வாழ்வும் தந்தது, அடியும் தந்தது.

நம் பிள்ளைகளுக்கு இதில் என்ன பாடம்?

சீ ஜியா, ஃபோர்னெட், ஷ்ரேயஸ் மூவருக்கும் ஒன்று பொதுவானது. ஒதுங்கியபோது அவர்கள் ஏற்கெனவே ஊரறிந்தவர்கள். அவர்களுடைய திறமையைத் தேர்வாளர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். ஈஜோக்கிலோ ஜெராமிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ ஆடும் பிள்ளையின் நிலை அதுவல்ல. அவனை இன்னும் யாரும் பார்க்கவில்லை. மாவட்டப் பள்ளிகளுக்கு இடையிலான ஆட்டமே அவனுக்குக் கண்காட்சி. நட்சத்திரம் தவிர்க்கும் 'சிறிய' போட்டிதான் அவனுக்குப் பெரிய போட்டி. தொலைக்காட்சியில் பார்த்ததை வைத்து "உடம்பைப் பார்த்துக்கொள், இதெல்லாம் ஆட வேண்டாம்" என்று சொல்வது, அவனைப் பொறுத்தவரை கதவைச் சாத்துவதாகவே முடியும்.

அதற்காக வலியோடு ஆடச் சொல்வதும் தவறு. முடிவெடுக்கும் முன் பெற்றோரும் பயிற்றுநரும் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு:

1. இந்த ஆட்டத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? தேர்வாளர்களோ மாநிலப் பயிற்றுநர்களோ வருவதாக இருந்தால், தவிர்ப்பதால் நட்டமே அதிகம்.

2. உடம்பு எப்படி இருக்கிறது? ஏற்கெனவே வீக்கமோ வலியோ இருந்தால் மருத்துவர் சொல்வதே முடிவு. 'ஒரே ஓர் ஆட்டம்தானே' என்று கட்டுப்போட்டு இறக்குவது, சிறு காயத்தை நிரந்தரக் காயமாக்கிவிடலாம்.

3. காயம் பட்டால் செலவு யாருடையது? பள்ளிக்கோ ஏற்பாட்டாளருக்கோ காப்புறுதி உண்டா, அது மருத்துவமனையோடு நின்றுவிடுமா, அதன் பின்னான உடற்பயிற்சிச் சிகிச்சைக்கும் பொருந்துமா என்பதை ஒப்புதல் பாரத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டு எழுதி வாங்க வேண்டும். கேட்பது குறையல்ல.

4. விலகுவதாக இருந்தால் எப்போது சொல்வது? முன்கூட்டியே, நேரில், பயிற்றுநரிடம். கடைசி நாளில் சொன்னால் மாற்று ஆட்டக்காரருக்குத் தயாராக நேரம் இருக்காது. மூன்று வாரம் முன்பே சொன்னால், அந்த இடம் இன்னொரு பிள்ளைக்கு வாய்ப்பாகும்.

பள்ளிகளும் கிளப்புகளும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒதுங்கிய பிள்ளையைச் சபையில் வைத்துக் கண்டிக்கும் முன், ஆடிய பிள்ளைக்குக் காயம் பட்டபோது உடன் நின்றோமா என்று தங்களையே கேட்டுக்கொள்ளட்டும். உடன் நிற்கும் குழுவை விட்டு ஒதுங்கப் பிள்ளைகளுக்கு மனம் வராது.