'அவசரம்' என்னும் சொல்

தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றத்தின் தொடக்க ஆண்டுத் தீர்ப்புகளுள் ஒன்று, நமக்கு மிகவும் பழக்கமான பெயரொன்றைத் தாங்கி நிற்கிறது. தியாகராஜ் சுப்பிரமணி, டர்பன்வாசி, வயது 41. நீரிழிவும் இதயநோயும் உடையவர். 1996இல் பக்கவாதம் தாக்கியது, சிறுநீரகங்களும் செயலிழந்தன. தனியார் மருத்துவமனையில் கைப்பணம் கரைந்தபின் ஆடிங்டன் அரசு மருத்துவமனையை நாடினார். அங்கிருந்தவை 20 டயாலிசிஸ் இயந்திரங்கள். அவற்றுள்ளும் சில பழுதானவை. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியுடையோர்க்கே முன்னுரிமை என்பது விதி. இதயநோயாளியான இவருக்கு அத்தகுதி இல்லை.

அவசரச் சிகிச்சை எவருக்கும் மறுக்கப்படலாகாது என்கிறது அந்நாட்டுச் சாசனத்தின் 27ஆம் பிரிவு. அதைப் பற்றிக்கொண்டு மாகாண அரசுமீது வழக்குத் தொடுத்தார். ரயிலிலிருந்து விழுந்த தொழிலாளியைக் கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பியனுப்பிய வழக்கில், 1996இல் நம் உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்கச் செய்ததும் அங்கே பேசப்பட்டது. அது திடீர் விபத்து, இதுவோ நாட்பட்ட நோய் என்று வேறுபடுத்தினர் நீதிபதிகள்.

இயந்திரங்கள் போதா என்னும் வாதத்தை மறுப்பது கடினம். ஆயின், சொல்லுக்கு அவர்கள் தந்த பொருளை என்னால் ஏற்க இயலவில்லை. இயந்திரத்தை நம்பி உயிர்வாழ்பவனுக்கு அது மறுக்கப்படும் நாளே அவசரமன்றோ? 1997 நவம்பர் 27 அன்று மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. சில நாள்களில் அவர் இறந்தார்.