ஊசி சேர்ந்த இடமும் மருந்து செய்த வேலையும்

கழுத்துவலிக்கு மீயொலித் திரையைப் பார்த்துப் போடும் ஊசியை ஆதரிப்போர் ஒரு வாதத்தை விடாமல் சொல்லிவருகிறார்கள். கழுத்து முள்ளெலும்புகளை இணைக்கும் ஃபேசட் மூட்டுக்குள் ஸ்டீராய்டு செலுத்திய பழைய முயற்சிகள் பலிக்காததற்குக் குறி பிசகியதே காரணமாம். ஊசிமுனை கண்ணில் பட்டால் பலன் கூடுமாம். இதற்குக் குறுக்கே நிற்பது 1994இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்த ஓர் ஆய்வு. அது சரியாகப் படிக்கப்படவில்லை என்று கருதுகிறேன்.

கார் விபத்துக்குப்பின் இடைநிலை அளவாக 39 மாதம் வலியோடு இருந்த 41 பேர் அதில் பங்கேற்றனர். வலி மூட்டிலிருந்துதான் வருகிறது என்பது மரப்பூசி போட்டு முன்கூட்டியே உறுதிசெய்யப்பட்டிருந்தது. எக்ஸ்ரே வழிகாட்ட, 21 பேருக்குப் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் 20 பேருக்குப் பியூபிவகெய்ன் என்ற மரப்பு மருந்தும் மூட்டுக்குள் செலுத்தப்பட்டன. வலி பாதியளவுக்குத் திரும்ப ஆன காலத்தின் இடைநிலை அளவு ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கு 3 நாள், மற்றவர்களுக்கு 3.5 நாள். எந்த மருந்தானாலும், ஒரு மாதத்துக்கு மேல் நிம்மதி கண்டவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. ஊசி மூட்டுக்குள் சேர்ந்தும் பலன் நிலைக்கவில்லை; ஆக, குறி பிசகியது என்ற விளக்கத்துக்கு இங்கே இடமில்லை.

ஒப்பீட்டுக் குழுவுக்கு உப்புநீர் தராமல் மரப்பு மருந்து தந்ததால் இரண்டுமே வேலை செய்திருக்கலாம் என்பது ஒரு மறுப்பு. பியூபிவகெய்னின் ஆற்றல் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஸ்டீராய்டு தனியே எதையாவது செய்திருந்தால் அதன்பின்னாவது இரு குழுக்களும் பிரிந்திருக்க வேண்டும், பிரியவில்லை. விபத்தில் அடிபடாத, தேய்மானம் கண்ட கழுத்துக்கு இம்முடிவு பொருந்தாமல் போகலாம் என்பதை ஒப்புகிறேன். ஆனால் அந்த ஐயம் ஸ்டீராய்டுக்குச் சாதகமான சான்று ஆகிவிடாது.

மீயொலி தரப்பின் வலுவான சான்றாகக் காட்டப்படுவது, மேல்கழுத்து ஃபேசட் மூட்டுக்கும் பிடரித் தோலுக்கும் செல்லும் மூன்றாம் பிடரி நரம்பில் மீயொலி, எக்ஸ்ரே ஆகிய இரு வழிகாட்டு முறைகளையும் ஒப்பிட்ட 2013ஆம் ஆண்டு ஆய்வு. மீயொலியில் நேரம் குறைந்தது, ஊசியைத் திரும்பத் திரும்பக் குத்துவதும் குறைந்தது; வெற்றி விகிதம் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் அங்கே வெற்றி எனப்பட்டது எது? முப்பது நிமிடம் கழித்துப் பிடரித் தோலைக் குத்தினால் உறைக்காமல் இருப்பது. ஊசி சேர்ந்ததற்கு அது நல்ல அடையாளம்தான். மூன்று மாதம் கழித்து நோயாளி வலியின்றித் தலையைத் திருப்பினாரா என்பதற்கு அதில் விடை கிடையாது.

மீயொலியில் கதிர்வீச்சு இல்லை, முள்ளெலும்புத் தமனியை டாப்ளரில் பார்த்து ஒதுங்கலாம். இவை சிறிய ஆதாயங்கள் அல்ல. எனினும் திரையில் எலும்பின் மேல்விளிம்பு வெள்ளைக் கோடாகத் தெரியும், அதற்குக் கீழே வெறும் நிழல்; மருந்து அங்கே என்ன செய்கிறது என்பதைத் திரை காட்டாது.

41 பேர் போதாது என்போருக்கு ஒரு சொல். மூட்டுக்குச் செல்லும் நரம்பை வெப்பத்தால் சுடும் முறையை, 1994 ஆய்வாளர்கள் சிலர் இடம்பெற்ற குழு 1996இல் சோதித்தது. பங்கேற்றவர்கள் 24 பேர்தான். வலி பாதியளவுக்குத் திரும்ப, நரம்பு சுடப்பட்டவர்களுக்கு இடைநிலை அளவில் 263 நாள் ஆனது, சுடப்படாதவர்களுக்கு 8 நாள். அங்கும் வழிகாட்டியது எக்ஸ்ரேதான்.