தொழிற்பட்டறையிலிருந்து இசைக்குழுவுக்கு: ரிங்கோ ஸ்டாரும் லிவர்பூல் தொழிலாளர் வாழ்வும்

1962 ஆகஸ்டில், முதல் இசைத்தட்டு வெளிவரச் சில வாரங்களே இருந்த நிலையில் பீட்டில்ஸ் குழுவில் டிரம்ஸ் கலைஞராகச் சேர்ந்த ரிங்கோ ஸ்டார், நல்வாய்ப்பால் உயர்ந்தவர் என்ற கருத்து பரவலாக நிலவுகிறது. அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளை ஆராய்ந்தால், இசையைக் கூலிக்குரிய தொழிலாகவே பயின்ற பயிற்சிதான் அவரை அவ்விடத்துக்குத் தகுதியாக்கியது என்பதையும், அப்பயிற்சிக்கு இடமளித்தது தொழிலாளர் வாழ்வின் அமைப்புகளே என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

ரிச்சர்ட் ஸ்டார்க்கி என்னும் இயற்பெயருடைய அவர், 1940 ஜூலை 7 அன்று லிவர்பூலில் துறைமுகத்தை அடுத்த டிங்கிள் பகுதியில் பிறந்தார். தந்தை பிரிந்து சென்றபின் தாய் மதுக்கூடத்தில் பணிபுரிந்து மகனை வளர்த்தார். ஆறு வயதில் வயிற்றறை அழற்சியும் பதின்மூன்றாம் வயதில் காசநோயும் தாக்கியதால் அவரது பள்ளிக் கல்வி குலைந்தது. எனினும், காசநோய்க்காக நீண்ட காலம் தங்கிய மருத்துவமனையில், நோயுற்ற சிறுவர்களுக்குத் தாளக் கருவிகள் கொடுத்து ஊக்கும் வழக்கம் இருந்தது. நூல் சுற்றும் கட்டைகளால் படுக்கையருகே இருந்த அலமாரியைத் தட்டிப் பழகியதே அவரது முதல் தாளப் பயிற்சியாயிற்று.

பின்னர் உடற்பயிற்சிக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில், வேலை செய்துகொண்டே கைத்தொழில் கற்கும் பழகுநராகச் சேர்ந்த அவர், உடன் பணியாற்றியோருடன் ஸ்கிஃபிள் குழு ஒன்றில் இணைந்து உணவு இடைவேளைகளில் வாசித்தார். துணி துவைக்கும் நெளிபலகையையும் தேயிலைப் பெட்டியில் கம்பு நட்டுக் கயிறு கட்டிய பாஸ் கருவியையும் கொண்டே நிகழ்த்தத்தக்க எளிய இசைவகையான ஸ்கிஃபிள், கருவி வாங்கப் பணமில்லாத இளைஞர்களுக்கும் மேடையைத் திறந்துவிட்டது. 1939 அக்டோபருக்கு முன் பிறந்தோருக்கே கட்டாய இராணுவப் பணி பொருந்தியதால், அவர் வயதினரின் குழுக்கள் இடையில் கலையாமல் தொடரவும் முடிந்தது.

1960 கோடையில், ரோரி ஸ்டார்ம் என்பவரின் இசைக்குழுவுடன் வேல்ஸிலுள்ள பட்லின்ஸ் விடுமுறை முகாமில் பருவம் முழுவதும் வாசிக்கும் பொருட்டு, குடும்பத்தாரின் தயக்கத்தையும் மீறி அவர் பழகுநர் பணியைத் துறந்தார். இதனைத் தொழிலாளர் உலகைவிட்டு வெளியேறிய செயலாகக் கொள்வது பொருந்தாது. தொழிலாளர் குடும்பங்கள் திரளாகச் சென்று தங்கிய அம்முகாம், குறித்த நேரத்தில் மேடையேறிக் குறித்த ஊதியம் பெறும் மற்றொரு பணியிடமே ஆகும். அதே ஆண்டு ஹாம்பர்க் துறைமுக நகரின் கைசர்கெல்லர் விடுதியில் இரவுதோறும் பல மணிநேரம் வாசித்த பணி, தாளம் தளராத உறுதியை அவருக்கு அளித்தது.

பீட்டில்ஸ் குழுவின் 1962 செப்டம்பர் 11 ஒலிப்பதிவில் ஆண்டி ஒயிட் என்னும் ஒப்பந்தக் கலைஞர் டிரம்ஸ் வாசிக்க, ரிங்கோ டாம்பரின் இசைக்க நேர்ந்ததை அவரது திறமைக்குறைவின் சான்றாகக் காட்டுவதுண்டு. அந்நிகழ்வு, ஒலிப்பதிவுக்கூடப் பயிற்சியும் மேடைப் பயிற்சியும் வெவ்வேறானவை என்பதையே காட்டுகிறது. இடக்கைப் பழக்கமுள்ள அவர், வலக்கையினருக்கென அடுக்கப்பட்ட டிரம்ஸில் இடக்கையை முன்னிறுத்தி உருட்டிய தாளக்கோவைகள், பின்னாளில் அக்குழுவின் தனி அடையாளங்களுள் ஒன்றாயின.

ஆகவே, 1962இல் அவருக்குக் கிடைத்த அழைப்பு வாய்ப்பாக இருக்கலாம். அதனை ஏற்று நிலைபெறும் ஆற்றலோ மருத்துவமனை, தொழிற்சாலை, விடுமுறை முகாம், துறைமுக நகர விடுதி ஆகியவற்றில் படிப்படியாக ஈட்டப்பட்டது. வெகுசன இசையின் வரலாறு தனிமனித மேதைமையோடு நின்றுவிடாமல், அம்மேதைமைக்குப் பயிற்சிக்களம் அமைத்துக்கொடுத்த பணியிடங்களையும் கணக்கில் கொள்ளும்போதே முழுமை பெறும்.